ஐப்பசியில் கடம்பூர்: சில குறிப்புகள்

ஐப்பசி பிறந்தாயிற்று. 2025 அக்டோபர் 18, சனிக்கிழமை. வடகிழக்குப் பருவமழை 16ஆம் தேதியே தொடங்கிவிட்டதாக வானிலை மையம் சொல்லிவிட்டது. மக்காச்சோளக்காரர்கள் அந்த அறிவிப்புக்குக் காத்திருக்கவில்லை. புரட்டாசியிலேயே புழுதியில் போட்டு மூடிவிட்டார்கள். உளுந்து, பாசி போடுகிறவர்கள்தான் இன்னும் ஒரு உழவு மழை விழட்டும் என்று மேற்கே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மானாவாரிக் கரிசலுக்கு வருஷத்தில் இது ஒன்றுதான் போகம். ஐப்பசியும் கார்த்திகையும் ஒழுங்காகப் பெய்தால் மண் அதை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு தை வரை பயிரைக் காப்பாற்றிவிடும். தவறினால் அந்த வருஷம் அவ்வளவுதான்.

தூத்துக்குடி மாவட்ட நிர்வாகம் காலையில் வெளியிடும் மழை அளவுப் பட்டியல் இப்போது எல்லார் கைப்பேசிக்கும் வந்துவிடுகிறது. திருச்செந்தூர், காயல்பட்டினம் என்று கடற்கரை ஊர்கள், விளாத்திகுளம், காடல்குடி, வைப்பார், சூரங்குடி, கோவில்பட்டி, கழுகுமலை, கயத்தாறு, கடம்பூர், மணியாச்சி. கடம்பூருக்குத் தனியாக மழைமானி உண்டு. டீக்கடையில் முதலில் நம் ஊர் எண்ணைப் பார்க்கிறார்கள். அப்புறம் கயத்தாற்றின் எண்ணை.

“கயத்தாத்துல கொட்டிருக்கு அண்ணாச்சி, நமக்கு வெறும் தூத்தல்தான்.”

பக்கத்துப் பக்கத்து ஊர். கரிசலில் மழை அப்படித்தான், ஒரு காட்டை நனைத்துவிட்டு அடுத்த காட்டைத் தாண்டிப் போய்விடும். கொட்டினாலும் நல்லதென்று சொல்ல முடியாது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த ஒரு நாளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., கோவில்பட்டியில் 53 செ.மீ. பதிவானது. மாவட்டத்துக்கு வருஷம் முழுக்கப் பெய்யும் சராசரியே சுமார் 65 செ.மீ.தான். மழை இல்லாமல் கெட்ட வருஷங்களைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மழையால் கெட்ட வருஷத்தை நம் கண்ணாலேயே பார்த்துவிட்டோம்.

*

20ஆம் தேதி தீபாவளி. அதற்கு முந்தைய வாரம் முழுக்க ஊரில் ஒரே பேச்சு, தீப்பெட்டி ஆபீஸில் போனஸ் போட்டாயிற்றா என்பதுதான். கோவில்பட்டி வட்டாரத்தில் பெண்கள் கையில் மொத்தமாகப் பணம் பார்க்கும் நாள் அது ஒன்று. சீட்டுக் கட்டுவது, பிள்ளைக்குத் துணி எடுப்பது, அடகு நகையைத் திருப்புவது எல்லாம் அந்தப் பணத்தில். காட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்குப் போனஸ் கிடையாது. ஒரே வீட்டில் அக்கா தீப்பெட்டி ஆபீஸ், தங்கச்சி களையெடுப்பு என்று இருக்கும்போது அந்த வித்தியாசம் துணிக்கடையில் தெரிந்துவிடுகிறது.

மறுநாள் காலை தெருவெல்லாம் வெடிக் காகிதம். விடியுமுன்னே தூய்மைப் பணியாளர்கள் வந்துவிட்டார்கள். ஈரத்தில் ஒட்டிய காகிதத்தை விளக்குமாற்றால் பெருக்கி எடுப்பது லேசான வேலை இல்லை. அது வாறுகாலில் இறங்கினால் அடுத்த மழைக்குத் தண்ணீர் தெருவுக்கு ஏறிவிடும். அவர்களுக்கும் முந்தின நாள் தீபாவளிதானே. பலகாரம் கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்தது என்று நினைக்கிறோம். அவரவர் வாசல் காகிதத்தை அவரவர் கூட்டிக் குவித்து வைத்தாலே அவர்கள் வேலையில் பாதி குறையும்.

*

இந்த மாதம் முழுக்க ஒரு கேள்வி மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. கடம்பூர் என்ன ஊர்?

பேரூராட்சி. அப்படியென்றால் சட்டப்படி நகர்ப்புறம். அரசியலமைப்பின் 243கியூ பிரிவில் இந்த மாதிரி ஊருக்குத் தனி இடம் உண்டு: கிராமத்திலிருந்து நகரமாக மாறிக்கொண்டிருக்கும் பகுதி. எந்த ஊரை அப்படிச் சேர்ப்பது என்று முடிவெடுக்கும்போது மக்கள்தொகை, நெருக்கம், வருமானம், விவசாயம் அல்லாத வேலையில் இருப்பவர்களின் விகிதம் இவற்றைப் பார்க்கலாம் என்றும் அது சொல்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் ஓர் அளவுகோல் உண்டு. 5,000 பேருக்கு மேல், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், வேலை செய்யும் ஆண்களில் 75 விழுக்காடு விவசாயத்துக்கு வெளியே. ஆனால் அரசு ஏற்கெனவே பேரூராட்சி, நகராட்சி என்று அறிவித்த ஊருக்கு இந்தச் சோதனை கிடையாது. அறிவித்துவிட்டால் நகரம்தான்.

காலை ஏழு மணிக்கு நம் தெருக்களில் நின்று பார்த்தால் டிராக்டரும் ஆட்டுக்கிடையும் களைவெட்டி ஏந்திய பெண்களும்தான் போகிறார்கள். மாறிக்கொண்டிருக்கும் பகுதி என்பது சரிதான். மாறி முடிவதற்குள் என்னென்ன கை நழுவுகிறது என்பதைத்தான் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

முதலில் நழுவியது நூறு நாள் வேலை. மகாத்மா காந்தி ஊரக வேலை உறுதிச் சட்டம் ஊராட்சிக்கு மட்டும் என்றே வந்தது. பேரூராட்சி எல்லைக்குள் குடியிருப்பவருக்கு வேலை அட்டை கிடையாது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அவர் சம்பந்திக்கு உண்டு. 2025-26இல் தமிழ்நாட்டில் அதன் நாள் கூலி 336 ரூபாயாக இருந்தது. இருவரும் ஒரே காட்டில் களையெடுக்கிறார்கள், ஒரே மழைக்குக் காத்திருக்கிறார்கள். மாசி, பங்குனி, சித்திரையில் காட்டில் வேலை ஓய்ந்த பிறகு ஒருத்திக்குக் கண்மாய் வேலை இருக்கிறது, இன்னொருத்திக்கு இல்லை.

“டவுனுன்னு போர்டு வச்சிட்டா வயித்துக்குத் தெரியுமா ராசா?” என்று ஓர் ஆச்சி கேட்டாள். அவளுக்கு எழுபதுக்கு மேலிருக்கும். அவள் சொன்னதைவிடச் சரியாக இந்த விஷயத்தை நான் எங்கும் படித்ததில்லை.

இதில் ஒரு பழைய கதையும் இருக்கிறது. 2004இல் தமிழ்நாடு அரசு 561 பேரூராட்சிகளைச் சிறப்பு ஊராட்சிகளாக மாற்றியது. ஊரகம் என்று ஆனால் மத்திய அரசின் ஊரக நிதியைக் கேட்கலாம் என்பது காரணம். 2006 ஜூலையில் அவை மறுபடியும் பேரூராட்சிகளாயின. அதே 2006 பிப்ரவரியில்தான் நூறு நாள் வேலை நாட்டின் முதல் 200 மாவட்டங்களில் தொடங்கியது. 2008 ஏப்ரலில் எல்லா மாவட்டங்களுக்கும் வந்தது. ஊரகம் என்ற பெயர் ஏழை வீட்டுக்குச் சோறாகும் காலம் வந்தபோது நம்மை மாதிரி ஊர்கள் அந்தப் பெயரை விட்டு வெளியே வந்துவிட்டிருந்தன. அன்றைக்கு யாரும் இதை நினைத்துச் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் இத்தனை வருஷம் கழித்தும் சரிசெய்யாமல் இருப்பதற்கு அந்தச் சமாதானம் போதாது. 2022இல் மாநில அரசு நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. நல்ல தொடக்கம். 490 பேரூராட்சிகளில் முதலில் எடுத்துக்கொண்டது 37.

2025 ஜூலையிலிருந்து மாநில அரசு நடத்திய ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாமிலும் இந்த நகர்ப்புற, ஊரகக் கோடு தெரிந்தது. நகர்ப்புற முகாமில் 13 துறைகள், 43 சேவைகள். ஊரக முகாமில் 15 துறைகள், 46 சேவைகள்.

மறுபக்கத்தையும் எழுதிவிட வேண்டும். பேரூராட்சி என்பதால்தான் நமக்கென்று செயல் அலுவலர் இருக்கிறார், குப்பை எடுக்க நிரந்தர ஏற்பாடு இருக்கிறது, தெருவிளக்கு எரியவில்லை என்றால் ஒன்றிய அலுவலகத்துக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. இவற்றை விட்டுக்கொடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. இவற்றுக்காக நூறு நாள் வேலையை ஏன் விலையாகக் கொடுக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

*

அக்டோபர் 31க்குள் இரண்டாம் அரையாண்டுச் சொத்து வரி கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை. தெரியாதவர்கள் நிறையப் பேர். சின்ன வீட்டுக்கு அது சின்னத் தொகைதான், ஆனாலும் ஒரு நாள் டீச்செலவு மிச்சம். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

*

அக்டோபர் 27, 28, 29 மூன்று நாளில் எல்லா நகர்ப்புற உள்ளாட்சிகளிலும் வார்டு வாரியாகச் சிறப்புக் கூட்டம் நடத்த அரசு அறிவித்தது. மக்கள் கூடி மூன்று முக்கியத் தேவைகளைத் தேர்ந்து சொல்ல வேண்டும். இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். ஆனால் 27ஆம் தேதி சூரசம்ஹாரம். ஊரில் பாதிப் பேர் திருச்செந்தூரில், மீதியில் பாதிப் பேர் கழுகுமலையில். 28ஆம் தேதி மோந்தா புயல் ஆந்திரக் கரையைக் கடந்தது. ஈரக்காற்றையெல்லாம் வடக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று காட்டுக்காரர்களுக்கு அந்தக் கவலை வேறு.

கிராம சபை என்றால் இந்த வட்டாரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முன்பு வருஷத்துக்கு நாலு. 2022இலிருந்து ஆறு: குடியரசு தினம், மார்ச் 22 தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 உள்ளாட்சி தினம். வரவு செலவைப் படித்துக் காட்ட வேண்டும், எந்த ஒரு வாக்காளரும் எழுந்து கேட்கலாம், தீர்மானம் எழுதினால் அதற்கு மதிப்பு உண்டு. பேரூராட்சியில் கிராம சபை கிடையாது. அதற்கு ஈடாக வார்டு கமிட்டி, ஏரியா சபை என்று விதிகள் 2022இல்தான் வந்தன. பழக்கம் இன்னும் வரவில்லை. வார்டு கூட்டத்துக்குப் போய் என்ன கேட்பது என்று என்னிடமே நாலைந்து பேர் கேட்டார்கள். ஊராட்சியில் வளர்ந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

டீக்கடையிலும் கோவில் திண்ணையிலும் மூன்று தேவை என்னென்ன என்று விசாரித்தேன். தண்ணீர் எல்லாரும் சொன்னது. அடுத்தது வாறுகால். மூன்றாவதில்தான் ஆளுக்கொன்று: சுடுகாட்டுப் பாதை, பஸ், பையன்களுக்கு விளையாட இடம், களம். நெல்லுக்கான களம் இல்லை, உளுந்தும் மக்காச்சோளமும் காய வைக்கத் தளம். அறுவடை நேரத்தில் தார்ச்சாலையில் பரப்புகிறோம், பைக்கில் வருகிறவர்கள் சறுக்கி விழுகிறார்கள். நகர்ப்புற உள்ளாட்சியிடம் போய் உலர்களம் கேட்கலாமா என்று ஒருவர் தயங்கினார். கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஊரின் தேவை எது என்பதை ஊர்தான் சொல்ல வேண்டும்.

ஊராட்சிக்கும் இப்போது குறை இருக்கிறது, அது வேறு மாதிரி. தூத்துக்குடி மாவட்டம் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தது. அதன்பின் தனி அலுவலர்கள்தான். நவம்பர் 1 அன்று பக்கத்து ஊராட்சிகளில் சபை உண்டு, தேர்ந்தெடுத்த தலைவர் கிடையாது. இந்தப் பக்கம் தேர்ந்தெடுத்த மன்றம் உண்டு, கிராம சபை கிடையாது. சபையும் தலைவரும் ஒன்றாக இருக்கிற ஊர் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்றைக்கு ஒன்றுமில்லை.

நகர்ப்புறமும் இந்தக் காத்திருப்பை அனுபவித்ததுதான். 2016 அக்டோபரில் பழைய மன்றங்கள் முடிந்தபின் ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. 21 மாநகராட்சி, 138 நகராட்சி, 490 பேரூராட்சிக்கு 2022 பிப்ரவரி 19இல் தேர்தல் என்று அறிவித்தார்கள். அந்த 490இல் அன்றைக்கு வாக்குப்பதிவு நடக்காத ஒரே பேரூராட்சி கடம்பூர். வேட்புமனு தொடர்பான புகார்களை அடுத்து 12 வார்டுகளின் தேர்தலையும் மாநிலத் தேர்தல் ஆணையம் நிறுத்தியது. எல்லா ஊரிலும் விரலில் மை வைத்துக்கொண்டிருந்த சனிக்கிழமை இங்கே கடை திறந்து சாதாரணமாகக் கழிந்தது; மன்றம் பிறகுதான் அமைந்தது. யார் சரி, யார் தவறு என்ற வழக்காடலுக்குள் நான் போகவில்லை. ஒரு வார்டுக்குச் சில நூறு வாக்குகளே உள்ள ஊரில், ஒரு மனு நிற்பதும் விழுவதும் ஒரு தெருவின் ஐந்து வருஷத்தை முடிவு செய்கிறது. அதனால் பெரிய நகரத்துக்குக் காட்டும் கவனத்தைவிட அதிகக் கவனம் இப்படிப்பட்ட ஊருக்குத் தேவை.

கவுன்சிலர் வேலை எத்தனை சின்னதாக மதிக்கப்படுகிறது என்பதற்கு ஒரு சான்று. 2023 ஜூலையிலிருந்து மதிப்பூதியம் கொடுக்கிறார்கள். பேரூராட்சித் தலைவருக்கு மாதம் 10,000, துணைத் தலைவருக்கு 5,000, உறுப்பினருக்கு 2,500. அதற்கு முன் அதுவும் இல்லை. குழாயில் தண்ணீர் வராவிட்டால் இராத்திரி பதினோரு மணிக்கும் கதவைத் தட்டுகிறோமே, அந்த வேலைக்கு.

*

ரயிலில் போகிறவர்களுக்குக் கடம்பூர் என்றால் போளி. மதுரைக்கும் நெல்லைக்கும் நடுவே ஒரு சின்ன ஸ்டேஷனுக்கு இந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் ஒற்றைப் பாதை. எதிர் வண்டிக்கு வழிவிட ஒரு வண்டி நிற்க வேண்டும். கிராசிங்கில் நிற்கிற வண்டிக்குப் பசி எடுக்கும். கடலைப்பருப்புப் பூரணம், தேங்காய்ப் பூரணம் வைத்துத் தட்டி, நெய் தடவி, சூடு ஆறுமுன் ஜன்னலுக்கு நீட்டிவிடுவார்கள். அடுத்த ஸ்டேஷன் குமாரபுரம். கு. அழகிரிசாமி கதையால் அதற்குப் பெயர் வந்தது. நம் ஸ்டேஷனுக்குப் பெயர் வாங்கித் தந்தவர்கள் போளிக்காரர்கள், ஒருவர் பெயரும் யாருக்கும் தெரியாது.

இப்போது இரட்டைப் பாதை. எதிர் வண்டிக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை, எல்லா எக்ஸ்பிரஸும் இங்கே நிற்பதுமில்லை. ஊருக்கு இரட்டைப் பாதை நல்லதுதான், பயண நேரம் குறைந்திருக்கிறது. போளி விற்பவர் நிற்காத வண்டிக்கு விற்க முடியாது. ஆகவே கூடையோடு வண்டிக்குள் ஏறுகிறார். ஏறினால் குற்றம். அனுமதியில்லாமல் வண்டியில் விற்பதை 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 144ஆம் பிரிவு தடுக்கிறது. அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. தெரு வியாபாரிகளைக் காக்க 2014இல் ஒரு நல்ல சட்டம் வந்தது. உள்ளாட்சி தோறும் விற்பனைக் குழு, அதில் 40 விழுக்காடு இடம் வியாபாரிகளுக்கே, சான்றிதழ் இருப்பவரை எளிதில் விரட்ட முடியாது. அந்தச் சட்டம் முதல் பிரிவிலேயே ரயில்வே நிலத்துக்கும் வண்டிக்கும் பொருந்தாது என்று சொல்லிவிடுகிறது. பஸ் நிறுத்தத்தில் சுண்டல் விற்பவருக்குப் பேரூராட்சி சான்றிதழ் கொடுக்கலாம். இருநூறு அடி தள்ளி நடைமேடையில் போளி விற்பவருக்குக் கொடுக்க முடியாது. ஊரின் பெயரைச் சுமந்து போகிறவர்களுக்கு ஊர் மன்றத்தால் எழுத்தில் எதுவும் செய்ய இயலாத நிலை.

ரயில்வேயே ‘ஒரு நிலையம் ஒரு பொருள்’ என்று 2022இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. அது போளிக்குப் பயன்பட வேண்டுமென்றால் கூடிக் கேட்க ஆள் வேண்டும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்ததற்குப் பின்னால் உற்பத்தியாளர்கள் சங்கமாகக் கூடி உழைத்த உழைப்பு இருக்கிறது. போளி நாள்பட நிற்காத பண்டம், வீட்டு அடுப்பில் செய்வது, செய்பவர்களுக்குச் சங்கம் கூடப் பொழுதில்லை. அதனால்தான் மன்றம் அவர்கள் சார்பில் ஒரு தீர்மானம் போட்டு மதுரைக் கோட்டத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறேன். தீர்மானத்துக்குச் சட்ட பலம் இல்லை. ஆனால் ஊர் கேட்கிறது என்று ஒரு காகிதம் கோப்பில் இருக்கும்.

*

பயிர்க் காப்பீட்டுக்கு நவம்பர் நடுவில் கெடு. கூட்டுறவு சங்கத்திலும் பொதுச் சேவை மையத்திலும் கூட்டம். உளுந்து, மக்காச்சோளம் போன்ற ராபி பயிருக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடு. அடங்கல் வேண்டும், கணக்குப் புத்தகம் வேண்டும், ஆதார் வேண்டும். இங்கே ஒன்றைக் கவனித்தேன். காப்பீட்டுக்கு நாம் நகரமா கிராமமா என்று யாரும் கேட்பதில்லை. வருவாய்க் கிராமம், குறுவட்டம், சர்வே எண், பயிர், இவ்வளவுதான். வருவாய்த் துறையின் கணக்கில் கடம்பூர் இன்னும் கரிசல் காடுதான். ஒரு துறையால் மண்ணைப் பார்த்து முடிவெடுக்க முடிகிறதென்றால் வேலை உறுதிக்கும் அதே மாதிரி ஒரு வழி இருக்க வேண்டும். விவசாயக் கூலிகள் பெரும்பான்மையாக இருக்கும் பேரூராட்சிகளைத் தனியாகப் பிரித்து எடுப்பது முடியாத காரியமில்லை.

*

நவம்பர் 4 முதல் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீடு வீடாக வந்து இரண்டு படிவம் கொடுக்கிறார். ஒன்றை நிரப்பித் திருப்பித் தர வேண்டும், மற்றதை நாம் வைத்துக்கொள்ளலாம். பல இடங்களில் இந்த வேலை அங்கன்வாடிப் பணியாளர்கள் தலையில்தான். காலையில் பிள்ளைகள், சாயங்காலம் படிவம்.

2002 அல்லது 2005 ஆண்டுப் பட்டியலில் தன் பெயரோ பெற்றோர் பெயரோ இருப்பதைக் காட்ட வேண்டும் என்பதில்தான் பெண்கள் திணறுகிறார்கள். ஆண்களுக்கு இதே தெரு, இதே சாவடி. கட்டிக்கொண்டு வந்த பெண்ணுக்குப் பிறந்த ஊர் விளாத்திகுளம் பக்கமோ சாத்தூர் பக்கமோ இருக்கும்.

“எங்க ஐயா செத்துப் பத்து வருசமாச்சே அண்ணாச்சி. அவரு பேரு இன்னும் லிஸ்டுல இருக்குமா?”

இருக்கும், அது பழைய பட்டியல் என்று சொன்னேன். அவர் பெயரை இணையத்தில் தேடி எடுத்துக் காட்டியபோது அந்தப் பெண் கைப்பேசியை வாங்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாகம் எண், வரிசை எண்ணைப் படிவத்தில் எழுதினோம்.

பூட்டிய வீடுகள்தான் பெரிய கவலை. திருப்பூர், கோயம்புத்தூர், சென்னை என்று பிழைக்கப் போனவர்கள் தீபாவளிக்கு வந்துவிட்டு உடனே திரும்பிவிட்டார்கள். இந்த விசாரணை இரண்டு வாரம் முன்னால் தொடங்கியிருந்தால் எல்லாரும் ஊரில் இருந்திருப்பார்கள். உள்ளாட்சித் தேர்தலுக்கான வார்டுப் பட்டியலும் இந்தச் சட்டமன்றப் பட்டியலிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. சில நூறு வாக்குள்ள வார்டில் பத்து வீடு விட்டுப்போனால் அது சின்ன எண் இல்லை.

எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் பூட்டிக் கிடக்கும் வீடுகளை எழுதி எடுத்திருக்கிறேன். ஐப்பசி முடியுமுன் ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் போன் போட வேண்டும். குடும்பத்தில் ஒருவர் ஊரில் இருந்தால் மற்றவர்களுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். வார்டுக் கூட்டத்தில் எழுதிய மூன்று தேவைகளின் நகலையும் கேட்டு வாங்க வேண்டும். களம் அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தையில் உளுந்து வந்துவிடும்.